பக்கத்துப் பலகை

“நாளையிலேர்ந்து அம்மா, பூவராகவன் மாமா தறியில கோர்வைக்கு உட்காரணும். நீ சரின்னு சொல்லணும்ணா.”

சொல்லிவிட்டேன். இதை மட்டும் அண்ணனிடம் கேட்கவே கூடாது என்று அம்மா என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தச் சத்தியத்துக்கு ஒரு வாரம்தான் ஆயுள்.

அன்று அமாவாசை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியும் ஓடாது. அப்பாவுக்குப் படைத்து, காக்காய்க்கு வைத்துவிட்டு, அண்ணனும் நானும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தோம். வடையைப் பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் வேலாயுதத்தின் கை நின்றது. ரசம் ஊற்ற வந்த அண்ணி காந்தா கரண்டியைத் தூக்கியபடியே நின்றாள். அடுக்களை வாசலில் நின்ற அம்மா தெருப்பக்கம் பார்த்தாள், யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று.

“இன்னாது?” என்றான் அண்ணன்.

“காதுல விழுந்திச்சில்ல.”

“அப்பாவுக்குப் படைச்ச சோறு இன்னும் தொண்டையில இறங்கல. அதுக்குள்ள அம்மாவை எவன் பக்கத்துலயோ உட்கார வைக்கணும்ன்றே. பி.ஏ.வுல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“தறியில உட்காரணும்னேன். மடியில உட்காரணும்னு சொல்லல.”

“ஐயோ குழலி, வாயைக் கழுவு!” என்றாள் அண்ணி. ரசம் என் இலையைத் தாண்டித் தரையில் ஓடியது.

வாயைக் கழுவ வேண்டியது நான் இல்லை.

கோர்வை என்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காஞ்சிப் பட்டில் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனியாக நெய்து ஒட்டுவதில்லை. ஒவ்வொரு இழையிலும் ஒன்றோடொன்று கோத்தே நெய்ய வேண்டும். அது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. தறிக்குழியில் காலை விட்டு நெசவாளி உட்கார்ந்தால், அவர் வலது பக்கத்துப் பலகையில் இன்னொருவர் கரை நூல் சுற்றிய நாடாவை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவர் இழையைத் தள்ளுவார், இவர் கோத்துத் திருப்புவார், அவர் அடிப்பார். பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஒருவர் கைக்காக இன்னொருவர் கை காத்திருக்கும்.

என் அம்மா கங்கையம்மாள் கல்யாணமாகி வந்த மறுமாதம் அந்தப் பலகையில் உட்கார்ந்தாள். போன ஐப்பசியில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அன்றுதான் எழுந்தாள். அப்பா அதிகம் பேசமாட்டார். அம்மா நிறுத்தமாட்டாள். பாவு சரியில்லை, அரிசி சரியில்லை, நாத்தனார் சரியில்லை, நீ அடிக்கிற அடி சரியில்லை என்று நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே நாடா ஓட்டுவாள். அப்பா “ம்” என்பார். எனக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. அந்தத் திட்டையும் “ம்”மையும் கேட்டபடியே நான் மனப்பாடம் செய்து, காலேஜ்வரை போய், இப்போது செங்கல்பட்டில் ஓர் ஆபீசில் கிளார்க்காக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ரயிலேறி வீட்டுக்கு வருவேன்.

அப்பா போன பிறகு அண்ணன் ஒரு காரியம் செய்தான். அப்பாவின் தறியைப் பிரித்து விற்றுவிட்டு, அந்தக் குழியில் மண்ணைக் கொட்டி மூடி, மேலே சிமென்ட் பூசி, அதன்மேல் ஒரு கட்டிலைப் போட்டான். தலைமாட்டில் ஒரு மேஜை ஃபேன். “எங்கம்மா உழைச்சது போதும். இனிமே காலை நீட்டிப் படுக்கட்டும்” என்று தெரு முழுக்கச் சொன்னான். தெரு முழுக்க அவனைக் கொண்டாடியது. எந்த மகன் அம்மாவுக்கு ஃபேன் வாங்கித் தருகிறான்? அவன் பாசத்தில்தான் செய்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. பாசத்தோடு குழியை மூடினான்.

அம்மா அந்தக் கட்டிலில் படுக்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்திருப்பாள். முதல் வருஷத்துத் தாலியறுத்தவள், தறியில் ஏற்றும் நெடுக்கு நூலான பாவுக்கு எதிரே வரக்கூடாது என்பதால், காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டும்போது கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குரல் கொடுத்து, “ஏ காமாட்சி, நூலு தொங்குதுடி!” என்று கத்திய பொம்பளை அவள். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து, “சாப்ட்டீங்களாக்கா?” என்பார்கள். “ஆச்சு” என்பாள். அவர்கள் போய்விடுவார்கள்.

உள்கட்டில் அண்ணனுக்குத் தனியாக ஒரு தறி உண்டு. அதில் அம்மாவை உட்கார வைத்துப் பார்க்கலாமே என்று நான்தான் தை மாசத்தில் சொன்னேன். அண்ணி எழுந்து இடம் கொடுத்தாள். ஒரு காலைப் பொழுது தாங்கவில்லை. “உங்கப்பா இப்படி அடிக்கமாட்டாரு”, “உங்கப்பா இந்நேரம் ஒரு முழம் இறக்கியிருப்பாரு” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்க, அண்ணன் நாடாவைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே போனான். அண்ணி தன் பலகையில் மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்கும் அது தன் இடம்தானே.

செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனேன். நான் ஆபீஸ் போனால் அம்மா அறையில் தனியே இருப்பாள். ஒரு வாரத்தில், “இங்க சுவரு கூடத் தெரிஞ்ச சுவரு இல்லடி, கொண்டு போய் விடு” என்றாள். கொண்டு வந்து விட்டேன்.

அப்படி இருந்தவள் போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். முகத்தில் ஒரு களை. “பூவராகன் இருக்கானே, அவனுக்குத் தறியில உட்காரத் தெரியலடி” என்று ஆரம்பித்தாள்.

பூவராகவன் எங்கள் எதிர்ச்சாரியில் மூன்று வீடு தள்ளி இருப்பவர். தெலுங்கு பேசுகிற வீடு. மனைவி செத்து இரண்டு வருஷம். மகன்கள் சேலத்தில். கோர்வைக்குக் கூலிக்கு வந்த ஆள் நின்றுவிட்டான் என்று தெருவில் யாரிடமோ புலம்பியிருக்கிறார். அண்ணன் முதலாளி கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அம்மா பாட்டுக்கு எழுந்து, தெருவைத் தாண்டி, அவர் வீட்டுக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். மறுநாளும் போயிருக்கிறாள். அதற்கு மறுநாளும்.

“கரை நூலை முறுக்கி முறுக்கி வெச்சிருக்கான். காதும் மந்தம். ஒண்ணைச் சொன்னா ஒண்ணைச் செய்றான். உங்கப்பா அடிச்சா ஊரு கேக்கும், இவன் அடிச்சா எலி ஓடற மாதிரி இருக்குது. நான் கை வெச்சிக்கினு காத்துக்கினே இருக்கணும், எப்பத் தள்ளுவான்னு. மகராசி, எப்படித்தான் இவன்கூடக் குப்பை கொட்டினாளோ!”

சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு. ஐப்பசிக்குப் பிறகு அம்மாவின் பல்லை அன்றுதான் பார்த்தேன். அன்று மத்தியானம் இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அந்தச் சத்தியம். “அண்ணன்கிட்டக் கேக்காதே. நீ கேட்டா அதோட முடிஞ்சிது.”

நான் ஏன் கேட்டேன்? திருட்டுத்தனமாகப் போகிறாளே, அதனால்தான். தான் முப்பது வருஷம் செய்த வேலையைச் செய்ய என் அம்மா ஏன் மகன் கடைக்குப் போகிற நேரம் பார்த்து ஓட வேண்டும்?

“அம்மாதான் கேட்டாங்களா?” என்றான் அண்ணன். இலையை மூடிவிட்டான்.

“கேக்கறது இன்னா, ஏற்கெனவே போய் உட்கார்ந்தாச்சு. நீ ஒத்துக்கிட்டா வாசல் வழியாப் போவாங்க, அவ்வளவுதான்.”

அண்ணன் அம்மா பக்கம் திரும்பினான். “போனியா?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. “நான் எங்கப்பா போனேன்? அவளுக்கு இன்னா, செங்கல்பட்டுல உட்கார்ந்துக்கினு எதையோ நெனைச்சிக்கினு வரா.”

“அம்மா!”

“நீ சும்மா இருடி. வேலா, நீ சாப்பிடுப்பா. இலையை மூடாதே, அப்பா சோறு.”

அண்ணியைப் பார்த்தேன். மத்தியானம் முழுக்க வீட்டில் இருப்பவள் அவள். மாமியார் தெருவைத் தாண்டினது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. “அண்ணி, நீங்க சொல்லுங்க.” அவள் குனிந்து சிந்தின ரசத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

அண்ணன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான், அவன் கத்துவதைவிட அது மோசம்.

“இங்க பாரு குழலி. ஒரு தறியில பக்கத்துல உட்கார்றவ பெண்டாட்டி. இல்லே பெத்த பொண்ணு. இல்லே கூலிக்கு வர ஆம்பிளை. இதான் இந்தத் தெருவுல வழக்கம். புருசன் செத்து வருசம் திரும்பல, வேற ஜாதிக்காரன், தனியா இருக்கறவன். அவன் பக்கத்துல தோள் இடிக்கற மாதிரி எங்கம்மா உட்கார்ந்தா, வேலாயுதம் சோறு போடல, அதான் கங்கம்மா போய்ட்டான்னு சொல்வாங்க. அதுவாவது போவட்டும். உனக்கு வைகாசியில கல்யாணம். ஆரணிக்காரங்க சம்மதிச்சதே செல்லியம்மா பேச்சை நம்பி. அந்தம்மா காதுல இது விழுந்தா இன்னா ஆவும்? சொல்லு.”

செல்லியம்மாள் மாப்பிள்ளைக்குச் சித்தி. முசரவாக்கத்தில் இருக்கிறாள். அப்பா போய் ஒரு வருஷம் திரும்புவதற்குள் பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் மூலமாகத்தான் ஆரணியில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை கண்ணாயிரம், பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று, “ஆபீசுல உங்களுக்கு மேல இருக்கறவங்க உங்களுக்குப் பயப்படுவாங்கன்னு நெனைக்கறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தவன். பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

“ஒரு மாசம் பல்லைக் கடிச்சிக்கினு இரு,” என்றான் அண்ணன். “அம்மாவுக்கு இங்க இன்னா குறை? ஃபேன் இருக்குது. மூணு வேளை சோறு. ரேடியோ வேணும்னா வாங்கித் தரேன்.”

“ரேடியோவைத் திட்டினா அது ‘ம்’னு சொல்லுமா?”

அவனுக்குப் புரியவில்லை. நான் எழுந்து நேராக எதிர்ச்சாரிக்குப் போனேன்.

பூவராகவன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டு, அது பொங்குவதைத் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓட்டலில் வாங்கி வந்த பொட்டலம், பிரிக்காமல்.

“ராம்மா, கிளார்க்கம்மா. மனு ஏதாவது வாங்க வந்தியா?”

“மாமா, எங்கம்மா உங்க தறியில உட்கார்ந்தாங்களா இல்லையா?” காதுக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கேட்டேன்.

“உட்காரல.”

“மாமா!”

“யாரு கேட்டாலும் உட்காரல. நீ கேட்டாலும்தான்.” பாலை இறக்கினார். எனக்கும் ஒரு டம்ளரில் ஊற்றினார். “கதவைச் சாத்தாதே, திறந்தே இருக்கட்டும்” என்றார். வயசுப் பெண் வந்திருக்கிறேன் அல்லவா, அதற்காக.

தறியில் பாதி நெய்த சேலை, மயில் கழுத்து நிறம், சிவப்புக் கரை. மேலே ஒரு துணியைப் போர்த்தியிருந்தார். வலது பக்கத்துப் பலகையில் ஒரு சின்னச் சாக்கு நான்காக மடித்துப் போடப்பட்டிருந்தது. அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு.

“உங்கம்மாவுக்கு வாய் நீளம்,” என்றார் திடீரென்று. “நான் அடிக்கறது எலி ஓடற மாதிரி இருக்குதாம். காது கேக்காதுன்னு நெனைச்சிக்கினு சொல்றாங்க. எனக்கு அந்தக் காதுதான் மந்தம், இந்தக் காது நல்லாவே கேக்கும்.” கொஞ்ச நேரம் பாலை ஆற்றினார். “எங்க ஆதிலட்சுமியும் இப்படித்தான் திட்டுவா, தெலுங்குல. அவ போனப்புறம் என்னை ஒருத்தரும் திட்டலம்மா. பசங்க வந்தா மரியாதையாப் பேசறானுங்க. மரியாதைன்னா நாலு வார்த்தையில முடிஞ்சிடுது. உங்கம்மா வந்த மூணாம் நாளு நானே கரை நூலை முறுக்கி வெச்சேன். வேணும்னே. திட்டட்டும்னு.”

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். “அப்போ வந்து இதை எங்கண்ணன்கிட்டச் சொல்லுங்க. இப்பவே வாங்க.”

“நான் வந்து அங்க நின்னா இது வேற கதையா ஆயிடும்மா. பொம்பளை பேரு. அதுவும் உன் கல்யாணம் வேற இருக்குது.”

“என் கல்யாணத்தை எதுக்கு மாமா இழுக்கறீங்க?”

“நானா இழுக்கறேன்? உங்கம்மாதான் நேத்து சொல்லிட்டுப் போனாங்க, ‘இனிமே வரமாட்டேன், பொண்ணு கல்யாணம் முடியட்டும்’னு.” பொட்டலத்தை எடுத்தார், பிரிக்காமலே திரும்ப வைத்தார். “கோர்வை இல்லாத சேலைக்குப் பாவு கேட்டிருக்கேன். அதுக்கு ஒத்த ஆளு போதும்.”

பாலைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவர் மேல்கூடக் கோபம். எல்லோரும் எவ்வளவு நல்லவர்கள்! அண்ணன் நல்லவன், அண்ணி நல்லவள், இவர் நல்லவர். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து இரண்டு பேரை இரண்டு வீட்டில் உட்கார வைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்கிறார்கள். இதில் இரண்டு பேரும் ‘சரி’ வேறு சொல்கிறார்கள்.

அம்மா கிணற்றடியில் படையல் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா பொய் சொன்னே?”

“நீ ஏன்டி சத்தியத்தை மீறினே?”

“மீறினா இன்னா, நீ ஒண்ணும் சாவலையே.”

“செத்தா நல்லாத்தான் இருக்கும்.” சொம்பைக் கவிழ்த்தாள். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “கொஞ்ச நாளு பொறுத்துக்கோடி. உன் கல்யாணம் ஆவட்டும். நீ போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் எனக்கு இன்னா? யாரு என்ன சொன்னா இன்னா?”

“அப்புறம் தலை தீபாவளி வரும். அப்போ போவியா?”

அடுத்த பாத்திரத்தை இழுத்துத் தேய்த்தாள்.

“அப்புறம் வளைகாப்பு. சம்பந்திங்க வருவாங்க. அப்போ போவியா? அப்புறம் குழந்தைக்குக் காது குத்து. எப்பம்மா போவே? உனக்கு எழுபது வயசு ஆவும்போதா? அதுவரைக்கும் அந்தாளு உயிரோட இருப்பாரா?”

“மெதுவாப் பேசுடி!”

“பேசமாட்டேன். உனக்குப் போகணுமா வேணாமா, அதை மட்டும் சொல்லு.”

புளியைக் கீழே வைத்தாள். “பொழுது விடிஞ்சா கை தானா நீளுதுடி,” என்றாள். “கட்டில்ல உட்கார்ந்தா, உள்ள உன் அண்ணன் அடிக்கற சத்தம் கேக்குது. ஒவ்வொரு அடிக்கும் கை நீளுது. எதிர்ல ஒண்ணுமில்ல. பைத்தியம் புடிச்சிடும் போல இருக்குது.”

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மாவைப் பலகைக்குப் போகாமல் தடுத்துக்கொண்டிருப்பது அண்ணனோ தெருவோ இல்லை. என் கழுத்தில் இன்னும் ஏறாத தாலி. இத்தனை படித்தும் இந்த வீட்டில் நான் எதற்குப் பயன்பட்டேன் என்றால், அம்மா வாயை அடைக்கத்தான். உள்ளே போய் முகத்தைக் கழுவி, புடவையைச் சரி செய்து, பையை எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் முன்கட்டில் நின்றான். “எங்க? ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்குதே.”

“முசரவாக்கம்.”

“எதுக்கு?”

“செல்லியம்மா சித்தியைப் பார்க்க. எங்கம்மா எதிர்ச்சாரி மாமா தறியில கோர்வைக்கு உட்காரப் போறாங்க, புருசன் செத்தப்புறம் வேற ஆம்பிளை பக்கத்துல உட்கார்ந்து நாடா ஓட்டப் போறாங்க, ஆரணிக்குச் சொல்லி அனுப்புங்கன்னு சொல்லப் போறேன். ஊரு சொல்றதுக்கு முன்னால நான் சொல்லிடறேன். வேணும்னா அவங்க கட்டட்டும். வேணாம்னா போகட்டும்.”

“போகட்டுமா? அவங்க போயிட்டா அப்புறம் உன்னை எவன்டி கட்டுவான்?”

“எவனும் கட்டலேன்னா செங்கல்பட்டுல ஆபீஸ் இருக்குது. எங்கம்மா நாடா ஓட்டறதைப் பார்த்து ஓடற வீட்டுல போய் நான் விளக்கேத்த மாட்டேன்.”

“குழலி, இது என் வீடு. நான் சொல்றேன், போகாதே.”

அண்ணி அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைத் தடுக்க நீண்ட கை அது.

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். “வேணாம்டி! கையெடுத்துக் கும்பிடறேன். உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டு நான் எந்த முகத்தோட அங்க போய் உட்காருவேன்? நான் போகவே மாட்டேன், பாரு.”

“போறதும் போகாததும் உன் இஷ்டம்மா. உன்னை யாரும் தூக்கிக்கினு போய் உட்கார வைக்கல. ஆனா என் கல்யாணத்தைச் சாக்கு வெச்சிக்கினு நீ இந்தக் கட்டில்ல உட்கார்ந்திருக்க முடியாது. அந்தச் சாக்கை நான் எடுத்துக்கினு போறேன்.”

அவள் என் முந்தானையைப் பிடித்தாள். புளித்தண்ணீர் புடவையில் ஊறியது. எனக்குக் கண்ணாயிரத்தின் சிரிப்பு ஒரு கணம் நினைவுக்கு வந்தது, வரட்டும். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பலமான விரல்கள், லேசில் விடவில்லை.

“படி தாண்டினா இந்த வீட்டுப் பக்கம் வராதே!” என்று அண்ணன் கத்தினான்.

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். தறிச் சத்தம் இல்லாத தெருவில் அண்ணன் கத்தினது எல்லா வீட்டுக்கும் கேட்டிருக்கும். இரண்டு ஜன்னல் திறந்தன. நன்றாகப் பார்க்கட்டும் என்று தெருவின் நடுவிலேயே நடந்து, முசரவாக்கம் பஸ் நிற்கும் பக்கம் திரும்பினேன்.